விமானத்துக்கு வைத்த பொட்டு

மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் விமானத்தைப் பற்றி எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். (அந்த விமானத்துக்கு நான் செய்ததெல்லாம் ஒரு கிண்ணம் சந்தனம் கரைத்ததுதான்.)

என் வீட்டுக்காரருக்குக் கிள்ளானில் லோரி பட்டறை. எண்பதுகளில், பாகங்களை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து, எங்கள் வீட்டு வாசலிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். அது பறக்கவும் செய்தது. ஆனால் வீட்டில் கட்டிய விமானம் தெளிவான வானத்தில் மட்டும்தான் பறக்கலாம் என்று விதி. மேகத்துக்குள் போனால் வெளியே எதுவும் தெரியாது, மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அதற்குத் தனி அனுமதி. இங்கேயோ மத்தியானம் ஆனால் மேகம் கூடிவிடும். ஈப்போவுக்குப் பறந்து போனவர் ரயிலில் திரும்பி வந்ததும் உண்டு. மனு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் ஓர் அதிகாரி நேரில் சோதிக்கச் சம்மதித்தார்.

புது லோரி என்றால் கோவிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போடுவோம். விமானத்தைக் கொண்டுபோய் பிரிக்பீல்ட்ஸ் கோவில் வாசலில் நிறுத்த முடியுமா? சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், விமானத்தை நிறுத்தி வைத்திருந்த ஓடுபாதைக் கொட்டகைக்கு நானே போனேன். காற்றாடியில் மாலை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போடவில்லை. சக்கரம், கதவு, மீட்டர் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். இறக்கைக்கு அடியில் ஒரு சிறு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டால் குறையாகிவிடுமே என்று நுனியில் தாராளமாக ஒரு பொட்டு.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மறுநாள் வந்தவர், பொட்டுகளைப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஓட்ட, விமானம் ஓடுபாதையில் சீறிக்கொண்டு ஓடியது. பிறகு மெதுவாகி, எழும்பாமலே திரும்பி வந்தது. வேகம் காட்டும் முள் அசையவே இல்லையாம். அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் அது நகருமாம்.

அதிகாரி குனிந்து குழாய் நுனியைச் சுரண்டி முகர்ந்தார்.

“இதுக்குள்ள சந்தனம் ஆர் அடைச்சது?”

“நான்தாங்க. நல்லதுக்குத்தான் வெச்சேன்,” என்றேன்.

துடைத்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார்.

“மேகத்துக்குள்ள இந்த முள்ளைத்தானே நம்பிப் போவீர்? ஏற முந்தி நீர் இதைப் பாக்கேல்லையே. அனுமதி தர ஏலாது. அடைப்பு எண்டு மட்டும் எழுதுறன். என்ன அடைப்பு எண்டு எழுதினா என்னைத்தான் சிரிப்பினம்.”

அனுமதி கடைசிவரை வரவில்லை. இன்றும் குடும்பத்தில் யார் புதுக் கார் வாங்கினாலும், நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால் கொழுந்தனார் குறுக்கே நிற்பார். “பாத்து அண்ணி, ஓட்டை எதையும் மூடிடாதீங்க லா.”

அந்தச் சோதனைக்கு மறுநாள் வீட்டுக்காரர் சிவப்புத் துணி வாங்கி வந்து, விமானம் நிற்கும்போது அந்தக் குழாய்க்கு மாட்ட ஓர் உறை தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன்.