நாலாவது புள்ளியில் உப்பு

சட்டத்தைப் பல வருடம் படித்தவரிடம் நியாயம் கேட்கலாம். நேற்றுதான் படித்து முடித்தவனிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. இருபத்தைந்து வயதில் நான் இந்த இரண்டாம் வகை. அதிலும் நான் படித்தது நாட்டின் சட்டம்கூட இல்லை. சீட்டு விளையாட்டுப் போட்டியில் பகடையும் நாணயமும் எப்படி இருக்க வேண்டும் என்கிற விதிகள். அவற்றை வைத்துக்கொண்டு என் கூடப்பிறந்த தங்கைக்கு நான் செய்ததை இன்றைக்கும் எங்கள் வீட்டில் இட்லி வைத்து விளக்குகிறார்கள்.

சீட்டு என்றதும் ரம்மி என்று நினைத்துவிட வேண்டாம். (அப்பாவும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.) இதில் ஒவ்வொருவரும் தாங்களே சேர்த்த அட்டைக்கட்டோடு வருவார்கள். டிராகன், பூதம், கடல் நாகம் என்று அட்டைகளில் என்னென்னவோ இருக்கும், ஒன்றையொன்று தாக்கும். சில அட்டைகளில், பகடையை உருட்டி இரட்டைப்படை விழுந்தால்தான் தாக்குதல் பலிக்கும் என்று போட்டிருக்கும். சண்டை வருவது அங்கேதான், விதிகளும் அதற்காகத்தான். பகடையின் எல்லாப் பக்கமும் விழச் சம வாய்ப்பு வேண்டும். விழுந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். நாணயம் சுண்டினால் காற்றில் சுழல வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவர் சொல்வதே முடிவு. இந்தக் கடைசி விதியை நான் தேவைக்கு மேல் ரசித்துவிட்டேன்.

நாங்கள் நாசரேத் பக்கத்துக்காரர்கள். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்ததால் முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். எங்கள் மாதிரிக் குடும்பங்களில் பகடை என்றாலே சிலுவைக்குக் கீழே ஆண்டவரின் அங்கிக்குச் சீட்டுப் போட்ட சேவகர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். தாயக்கட்டைகூட எங்கள் வாசற்படி ஏறியதில்லை.

தங்கை ஜெமி அந்த வருடம் நர்சிங் சீட் கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தாள். ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்கு வரமாட்டாள். ஞாயிறு மதியம் ஒரு ஸ்டேஷனரிக் கடை மாடியில் நடக்கும் இந்த ஆட்டத்துக்கு நான்தான் வம்படியாக இழுத்துப் போனேன். அங்கே போய்த்தான் அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். மாவட்டப் போட்டியில் ஜெயித்தால் சென்னையில் பெரிய போட்டி. சென்னைக்குப் போகணும் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள். மாதக்கணக்கில் அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. அப்பா வெகுநேரம் யோசித்தார். தானே வந்து பார்ப்பதாகவும், அது சூதாட்டம் இல்லை என்று மனசுக்குப் பட்டு இவளும் ஜெயித்துவிட்டால் தானே கூட்டிப் போவதாகவும் சொன்னார்.

விதிகளை முழுக்கப் படித்திருந்தவன் நான் ஒருவன் என்பதால் நடுவர் வேலை எனக்கு வந்தது. தங்கை ஆடுகிறாளே என்று கடைக்கார அண்ணாச்சியிடம் தயங்கினேன். “ஒங்கள நம்பாம வேற யார நம்ப, தம்பி?” என்றார். அந்த வார்த்தையில் எனக்குத் தலை கனத்துவிட்டது.

ஒரு பகடை நியாயமானதா என்று பார்க்க அதை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும் என்று எங்கோ பார்த்திருந்தேன். ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் அந்தப் பக்கம் கீழே போய், திரும்பத் திரும்ப ஒரே எண் மேலே வரும். வேறு ஊர்க்காரன் என்றால் டம்ளரில் கைப்பிடி உப்பைக் கரைத்திருப்பான். நான் தூத்துக்குடிக்காரன் அல்லவா? உப்பளத்துக்கே போய், பாத்தியில் உப்பு பூக்கிற பதத்தில் இருந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தேன். (அதில் பகடை என்ன, நானே மிதந்திருப்பேன்.)

போட்டியன்று காலை வெள்ளைச் சட்டையும் கண்ணாடி டம்ளருமாக உட்கார்ந்தேன். வந்தவர்களின் பகடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முக்கினேன். கடற்கரைப் பக்கமிருந்து வந்த ஒருவர் நாணயத்துக்குப் பதில் மாதா பதக்கம் வைத்திருந்தார். ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் சிலுவை. இதில் எது பூ, எது தலை என்று நான் விசாரித்ததும் அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பதக்கத்தை வாங்கிப் பையில் வைத்துவிட்டார். பின்வரிசையில் அப்பா குடையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதாலேயே நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

இறுதி ஆட்டத்துக்கென்று நானே ஒரு வெள்ளைப் பகடை வாங்கி வைத்திருந்தேன். புள்ளிகள் எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புக் குழிகள். அதையும் முக்கி, எல்லோருக்கும் காட்டி, ஜன்னல் விளிம்பில் வெயிலில் காயவைத்தேன். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டாமா என்று ஜெமி கேட்டாள். சோதித்த பகடையை யாரும் தொடக் கூடாது என்றேன். (அப்படி ஒரு விதியே கிடையாது.)

இறுதி ஆட்டத்தில் ஜெமிக்கு எதிரே உட்கார்ந்தவன் முத்துக்குமார், விளாத்திகுளத்திலிருந்து வந்த கல்லூரி மாணவன். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஜெமி தன் கடல் நாகத்தை இறக்கினாள். இரட்டைப்படை விழுந்தால் அவள் ஜெயித்தாள். ஒற்றைப்படை என்றால் அடுத்து தன் முறையில் அவன் முடித்துவிடுவான். கண்ணை மூடி ஏதோ ஜெபித்துவிட்டு (பகடைக்கு ஜெபமா என்று அப்பா முகம் சுருங்கியது) உருட்டினாள்.

விழுந்தது நாலு. ஆனால் ஒரு மூலைக் குழியில் உப்பு காய்ந்து அடைத்து வெள்ளையாகக் கிடந்தது. கறுப்பாகத் தெரிந்தவை மூன்று மூலையில் மூன்று புள்ளிகள். பகடையைப் பார்த்திருக்கிற எவருக்கும் தெரியும், மூன்று என்றால் நடுவில் ஒரு புள்ளி இருக்கும். இதில் நடு மொட்டையாக இருந்தது. ஜெமி எழுந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், அப்பாவும் சிரித்துவிட்டார்.

நான் கையைத் தூக்கினேன். எண் தெளிவாகத் தெரியவில்லை, இந்த உருட்டல் செல்லாது என்றேன்.

முத்துக்குமார் குனிந்து பார்த்தான். “அண்ணே, அது நாலுதான். தோக்குதவன் நானே சொல்லுதேன்.”

“ஆடுறவங்க சொல்லக் கூடாது. நடுவர்தான் சொல்லணும்.”

தங்கைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, அதுவும் அப்பா முன்னால். என் மண்டையில் அது மட்டும்தான் இருந்தது. பகடை பழுதானால் நாணயம் என்று அறிவித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு புது நாணயத்தை எடுத்துக் கொடுத்தேன். தலை விழுந்தால் ஜெமிக்கு. அவள் சுண்டினாள். நாணயம் விதியில் சொன்னபடியே சுழன்று, மேஜைக்கு நடுவில் விழுந்தது. பூ.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜெமி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பார்த்தீர்களாப்பா, இதில் சூது வாது எதுவும் கிடையாது என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே, சூதாடுதவன்கூட நாலை நாலுன்னுதாம்ல சொல்லுவான்.”

அதற்குப் பிறகு ஜெமி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட வா என்பதுகூட அம்மா வழியாகத்தான் வரும். பல வாரம் கழித்து ஒருநாள் காலை அவளே எனக்குத் தட்டு வைத்தாள். நாலு இட்லி, அதில் ஒன்றின் மேல் மட்டும் தேங்காய்ச் சட்னியை மொத்தமாக ஊற்றி மூடியிருந்தாள்.

“எத்தன இட்லி இருக்கு?”

“நாலு.”

“இத அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன?”

 சட்னியை ஒதுக்கிவிட்டு அந்த நாலாவது இட்லியைத்தான் முதலில் பிட்டேன்.

அடுத்த வருடம் அந்த மாடியில் டியூஷன் சென்டர் வந்துவிட்டது. ஜெமிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அட்டைகளை அவள் திரும்பத் தொடவில்லை. இன்று வேலை பார்ப்பது சென்னையில்தான். ஆனாலும் அன்றைக்கு அவள் கேட்ட சென்னை வேறு, அதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சட்னிக் கேள்வி மட்டும் குடும்பச் சொத்தாகிவிட்டது. அம்மா கேட்பாள், என் மனைவி கேட்பாள், ஜெமியைக் கட்டிய மாப்பிள்ளை கல்யாணத்துக்கு மறுநாளே கேட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது ஜெமி சட்னி ஊற்றிய தட்டை என் முன்னால் வைத்து, எத்தனை என்றாள். நான் தட்டைப் பார்க்காமலே நாலு என்றேன். வீடே சிரித்தது. அவள் வைத்திருந்தது மூன்றுதான்.

“நல்லாப் பாருண்ணே. மூணுதான் இருக்கு.”

“நாலுதான்” என்றேன்.

 ஜெமி இன்னொரு இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.