மூடுபனியில் நின்ற கப்பலும் பேசாத சகலையும்

என் சகலை ரெமியோடு உயிர் உள்ளவரை பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. சிலர் முடிவெடுப்பார்கள், மறுநாளே மறந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. கோபத்தை நாய் வளர்ப்பதுபோல் வளர்ப்பவன். வேளாவேளைக்குத் தீனி போடுவேன். தடவிக் கொடுப்பேன். மழை பெய்தால் வீட்டுக்குள் கூட்டி வந்து படுக்கவைப்பேன்.

காரணத்தைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். என் பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்கு நான்தான் கம்போ வைத்தேன், இறாலும் கறியும் போட்ட எங்கள் ஊர்க் குழம்பு. எங்கள் போர்ட் ஆர்தரில் கம்போவுக்கு உயிரே வறுத்த மாவுதான். மாவை எண்ணெயில் போட்டு, அது கருங்காப்பி நிறத்துக்கு வரும்வரை கரண்டியை நிறுத்தாமல் கிளற வேண்டும். தொலைபேசி அடித்தாலும் கிளற வேண்டும், கூரை பற்றி எரிந்தாலும் கிளற வேண்டும். சோம்பேறிகள் அதைக் கடையில் பாட்டிலில் வாங்குவார்கள். நான் கிளறினேன். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. ரெமி ஒரு வாய் வைத்தான். ஊர் கேட்க, பாதிரியார் கேட்க, "ஏன் நோலன், மாவு பாட்டில்ல வாங்கினதா?" என்றான்.

அன்றோடு சரி.

ஆனால் அவன் மனைவி யூலாவும் என் மனைவி ஓடிலும் கூடப்பிறந்தவர்கள். நல்லநாள் வந்தால் ஒரே மேசை. அதனால் நாங்கள் மனைவிமார் வழியாகத்தான் பேசுவோம். "ஓடில், உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பேன். உப்பு ரெமியின் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கும். "யூலா, உப்பு கேக்கிறவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்குன்னு ஞாபகப்படுத்து" என்பான் அவன். குடும்பம் இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, ஓடில் காப்பிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பிப்ரவரியில கப்பல்ல போறோம், நோலன். மெக்சிகோ வரைக்கும். ஒரு வாரம்."

"யாரு போறோம்?"

"நீ, நான், யூலா."

"யூலா தனியாவா?"

"அவளுக்குப் புருஷன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அவன் ஏறுற கப்பல்ல நான் ஏற மாட்டேன்."

"அது மூவாயிரம் பேர் ஏறுற கப்பல்."

"மூவாயிரம் பேரும் என் கம்போவைக் குறை சொல்லலையே!"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு பேர் மேசை சொல்லியாச்சு. தினமும் அதே மேசை. நீ பேச வேண்டாம். மென்னா போதும்."

ஒரு வாரம்! தினமும் ராத்திரி அதே மூஞ்சி, ஒரு முழத் தூரத்தில், மாட்டிறைச்சியை அரிந்துகொண்டு! நான் மாட்டேன் என்றேன். ஓடில் சரி என்றாள். பிப்ரவரியில் இருவரும் கிளம்பினோம். எங்கள் வீட்டில் நான் மாட்டேன் என்றால் அதற்கு அதுதான் பொருள்.

கப்பல் கிளம்பும் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலைக் காணோம். கடலையும் காணோம். மூடுபனி. என் கையை நீட்டினேன், மணிக்கட்டோடு மறைந்துவிட்டது. கப்பல் எங்கேயோ வெளியில் நின்றுகொண்டு மாடு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே வர வழியில்லை.

"சாயங்காலம் வரைக்கும் வராதீங்கன்னு எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தாங்களாமே?" என்றேன்.

"அனுப்பியிருந்தாங்க. அதான் எல்லாரும் காலையிலயே வந்துட்டாங்க" என்றாள் ஓடில்.

உண்மைதான். வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஜனம். எங்கள் பக்கத்து ஜனத்தைக் காத்திருக்கச் சொன்னால் போதும், அதையே விருந்தாக்கிவிடுவார்கள். மடக்கு நாற்காலிகள் விரிந்தன. ஒருவன் வண்டியின் பின்கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்துத் தொத்திறைச்சி சுட ஆரம்பித்தான். ஊதா நிறத்தில் ஒரேமாதிரி சட்டை போட்ட ஒரு குடும்பம் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடியது. பனியில் கால் தெரியவில்லை, ஊதா சட்டைகள் மட்டும் மிதந்தன. ஒரு கிழவர் நீச்சல் உடையோடு குடைக்குக் கீழே படுத்து, இல்லாத வெயிலுக்குக் களிம்பு தடவிக்கொண்டார். யூலா ஒரு பெரிய பாத்திரம் நிறைய பூடான் கொண்டுவந்திருந்தாள். அரிசியும் ஈரலும் அடைத்த அந்தத் தொத்திறைச்சி என்றால் எனக்கு உயிர். பாத்திரத்தை ரெமி மடியில் வைத்திருந்தான். நான் பட்டினி கிடந்தேன். கொள்கை என்றால் அப்படித்தான்.

மத்தியானம் பனி கொஞ்சம் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாகக் கப்பல் நுழைந்தது. எங்களை ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கவும் பனி மறுபடி கதவைச் சாத்திக்கொண்டது. கப்பல் கட்டிய கயிறோடு நின்றது.

மேல்தளத்தில் கூட்டம் கூடிவிட்டது. கப்பல் கரையில் நிற்கும்வரை சூதாட்டக்கூடத்தைத் திறக்க மாட்டார்கள். அதன் பூட்டிய கதவுக்கு முன்னால் நாலைந்து பெண்கள் தேவாலயத்தில் நிற்பதுபோல் நின்றார்கள். யாரோ ஒருவர் என்னிடம், "இது எப்ப சார் விலகும்?" என்று கேட்டார்.

நான் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துபோகும் இந்தக் கால்வாயில் முப்பது வருடம் இழுவைப்படகு ஓட்டியவன். பள்ளிக்கூடம் என்னை ஆறாவதோடு கைவிட்டாலும் பனி கைவிடவில்லை. மூக்கை உயர்த்தி முகர்ந்தேன்.

"நாளன்னிக்கு வரைக்கும் அசையாது" என்றேன்.

கூட்டம் முனகியது. எனக்குள் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. கப்பல் இன்னும் கரையில்தான் நிற்கிறது! இறங்கிவிட்டால் வீடு! ஆனால் எதைச் சொல்லி இறங்குவது?

"ஓடில், எனக்கு முட்டி வலிக்குது. வீட்டுக்குப் போயிடலாமா?"

"இங்க நாற்காலி இருக்கு. உக்காரு."

"நாயை யாரு பாத்துக்கிறா?"

"பக்கத்து வீட்டுக்காரி. உன்னைவிட நல்லாப் பாத்துக்கிறா."

"நெஞ்சு ஒருமாதிரி..."

"இங்க பாரு நோலன், என்ன நாடகம் வேணா போடு. ஆனா வயித்துக்கோளாறுன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. கப்பல்காரங்க வாந்தி பேதின்னு கேட்டாலே நடுங்குவாங்க. கரையில நிக்கும்போது சொன்னா பெட்டியும் கையுமா இறக்கி விட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க. என் மானம் போயிடும்."

"சேச்சே! அதெல்லாம் நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன்.

அவள் தலை மறைந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைத்திய அறைக்கு ஓடினேன்.

அங்கே ஒரு செவிலி. பிலிப்பைன்ஸ்காரப் பெண். லூஸ்விமிண்டா என்று சட்டையில் எழுதியிருந்தது.

"என்ன சார் செய்யுது?"

"பேதி."

"எத்தனை தடவை?"

"எண்ணுறதை நிறுத்திட்டேன்மா."

"வாந்தி?"

"பேதிக்குத் துணையா அதுவும் வருது."

"ரெண்டும் சேர்ந்தா?"

"ஒண்ணு நின்னா ஒண்ணு வருது. ஷிப்டு மாதிரி." ஐம்பது வருடம் உழைத்துச் சாப்பிட்டவனுக்கு நடிக்கவும் உழைப்பாகத்தான் வரும். "சீக்கிரம் இறக்கி விட்டுடும்மா. மத்தவங்களுக்குத் தொத்திடப் போகுது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன்."

அவள் கைப்பேசியில் ஓடிலைக் கூப்பிட்டாள். ஓடில் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு கவலை. என் அப்பா செத்தபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கனைத்தது. கப்பல் தலைவர் பேசினார். பனி விலகிவிட்டதாம். கால்வாயைத் திறந்துவிட்டார்களாம். ஏறும் படியை எடுத்தாகிவிட்டதாம். மேலே மூவாயிரம் பேர் கை தட்டினார்கள். என் காலுக்குக் கீழே கப்பல் அசைந்தது. முப்பது வருட அனுபவம் அதோடு கரையிலிருந்து விலகிப் போனது.

"அப்ப நான் இறங்குறது?" என்றேன்.

"கவலையே வேண்டாம் சார்" என்றாள் லூஸ்விமிண்டா. "நாங்களே பாத்துக்குறோம். ரெண்டு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. கஞ்சியும் காய்ஞ்ச ரொட்டியும் வாசலுக்கே வரும்."

"நான் எங்கம்மா படுப்பேன்?" என்று ஓடில் அழும் குரலில் கேட்டாள்.

"கூட இருக்கக்கூடாதும்மா. தொத்திக்கும். உங்க தங்கச்சி ரூம்ல ஒரு படுக்கை காலியாகுதே, கடலைப் பாத்து மாடம் வச்ச ரூம். அங்க போயிடுங்க."

"அது எப்படிக் காலியாகும்? ரெ..., அவன் இருக்கானே?" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தப் பெயர் என் பல்லில் மாட்டியது.

"அவருக்கும் இதே தொல்லைதான் சார். உங்களுக்கு முன்னாடி இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே குடும்பம். அதனால ஒரே ரூம்ல போட்டுட்டோம்."

எங்கள் அறைக்குச் சன்னல் கிடையாது. ஓடில்தான் அப்படிப் பதிவு செய்திருந்தாள். "ராத்திரியில இருட்டுத்தானே, சன்னல் எதுக்கு?" என்று அப்போது சொன்னாள். கதவைத் திறந்தேன். ரெமி என் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. கஞ்சி கொண்டுவந்த லூஸ்விமிண்டாவிடம், "அந்தக் கட்டில் என்னோடதுன்னு அவருக்குச் சொல்லும்மா" என்றேன். "கட்டில்ல பேர் எழுதலையேன்னு இவருக்குச் சொல்லும்மா" என்றான் அவன். "ராத்திரி குறட்டை விடக்கூடாதுன்னு சொல்லும்மா." "தூங்கினாத்தானே குறட்டை, இவர் பல்லைக் கடிக்கிற சத்தத்துல எங்க தூங்குறதுன்னு சொல்லும்மா."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "சார், நான் செவிலி. தபால்காரி இல்லை." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு அங்கே இருந்தது இரண்டு கிழவர்கள், இரண்டு கட்டில், ஒரு கழிப்பறை. பேதி இல்லாத இரண்டு பேர் பேதிக்காரர்களாக நடிக்க ஒரு கழிப்பறை ரொம்ப அதிகம். தலைக்கு மேலே நடனக் கச்சேரி. வறுத்த இறாலின் வாசம் காற்றுத் துவாரம் வழியாக வந்தது. நான் காய்ந்த ரொட்டியை விளக்கிடம் காட்டி, "இந்தக் கப்பல்ல நல்லா இருக்கிற ஒருத்தனுக்கு இதைத் தின்னக் குடுக்கிறாங்களே" என்றேன்.

விளக்கு பதில் சொல்லவில்லை. ரெமி சொன்னான்.

"என்னது, நல்லா இருக்கியா? உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு?"

"எனக்கு என்ன கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்கும். உன்னோட ஒரு வாரம் உக்காந்து திங்க முடியாதுன்னுதான் இறங்கப் பாத்தேன். யூலாதான், 'வேற எது வேணா சொல்லு, வயித்துக்கோளாறுன்னு மட்டும் சொல்லாதே'ன்னு..."

நிறுத்திவிட்டான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒன்பது வருடமாக எனக்கு எதிரியாக இருந்தவன், அந்த நொடியில் சாட்சியாகிவிட்டான்.

"பாவிங்க!" என்றேன்.

"சதிகாரிங்க!" என்றான்.

அதற்கப்புறம் எங்கள் வாயை அடைக்க ஆளில்லை. அவன் பையில் சீட்டுக்கட்டு இருந்தது. விடியும்வரை போட்டோம். கம்போ பற்றியும் கேட்டுவிட்டேன். "நிறம் அவ்வளவு ஒரே சீரா இருந்துச்சு நோலன். மனுஷன் கையால வராதுன்னு நினைச்சேன். அதைத்தான்டா கேட்டேன்" என்றான். இதை நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அரைவாசி ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஆட்டத்தில் அவன் தோற்றதால்.

இரண்டாம் நாள் முடிகிற நேரம் எனக்கு மனசு இளகிவிட்டது. யோசித்தால் பாவம், அந்தப் பெண்கள் என்ன கெட்டதா செய்தார்கள்? புருஷன்மார் பேசிக்கொள்ள வேண்டும், நாலு பேரும் ஒரே மேசையில் சிரித்துச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடமாக மனசுக்குள்ளேயே அழுதிருப்பார்கள்.

"மன்னிச்சிடலாமா?" என்றேன்.

"பெருந்தன்மையா நடந்துக்குவோம்" என்றான் ரெமி.

லூஸ்விமிண்டா எங்களை விடுதலை செய்த அன்று ராத்திரி எல்லோரும் உயர்ந்த உடை போட்டுச் சாப்பிடும் ராத்திரி. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டோம். என் முடிச்சை ரெமி சரிசெய்தான். தோளில் கைபோட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்தோம். ஓடில் பார்த்துக் கண் கலங்குவாள் என்று அவளுக்காக ஒரு கைக்குட்டைகூட எடுத்துப் போனேன்.

அக்காவும் தங்கையும் கண்ணாடிச் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் திராட்சை மது. ஏதோ சொல்லி ஏதோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மேசை. நாற்காலி இரண்டுதான்.

"ஓடில், நாலு பேர் மேசை என்னாச்சு?"

"அதை முதல் நாளே மாத்தியாச்சே. உங்க மேசை அதோ, அடுக்களைக் கதவுப் பக்கத்துல. ரெண்டு பேருக்குத்தான்."

"நாங்கதான் பேசிக்கிட்டோமே, ஓடில்! நாங்க பேசாம இருந்தது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்..."

"ஆமா நோலன், ரொம்பக் கஷ்டம்" என்றாள் ஓடில், மதுக்கிண்ணத்தைக் கீழே வைக்காமல். "ஒன்பது வருஷமா ரெண்டு பேரும் எங்ககிட்டயே பேசிக்கிட்டு இருந்தீங்க."