துரை மேட்டுக்கு ஆடு ஏறக் கூடாது

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு தென்னை மட்டை. ஜோகூர் ஆற்றில் அது கடலை நோக்கிப் போகாமல், ஆற்றின் மேற்பக்கத்து ஊரான கோத்தா திங்கியை நோக்கி எதிர்த்திசையில் மிதந்து போனது. கீழிருந்து கடல் ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து மழைவெள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் எங்கள் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. சத்தமே இல்லை. அவ்வளவு தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. துரை ஜோகூர் பாருவுக்குப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். பெரிய கிராணி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆகவே அந்த வாரம் தோட்டத்து அரசாங்கம் நானே. (அரசாங்கத்துக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை.)

வெள்ளம் வரும் என்று முதல் நாளே தெரிந்திருந்ததால் வீட்டைத் தயார் செய்திருந்தேன். அரிசியை மண்ணெண்ணெய் டின்களில் போட்டு, மூடியைச் சுற்றி ரப்பர் பால் ஊற்றி உறைய வைத்தேன். தீப்பெட்டியைப் புட்டிக்குள் அடைத்தேன். கோழிகளைக் கூடையோடு உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஆட்டுக்கு மட்டும் தனி மரியாதை: கொட்டகைக்குள் இடுப்பளவு உயரத்தில் பரண், அதன்மேல் ஒரு கட்டு பலா இலை, ஓடிவிடாமல் இரட்டை முடிச்சு.

ஆட்டுக்கு ஏன் அத்தனை மரியாதை? பிரசவக் காய்ச்சலில் என் மனைவி மரகதத்துக்குப் பால் வற்றிவிட்டது. நான்கு மாதக் குழந்தை அந்த ஆட்டுப்பாலில்தான் வளர்ந்தான்.

துரையின் பங்களா மேடு ஒன்றுதான் அங்கே உயரமான இடம். அதன் பாதி வழியில் சுண்ணாம்பு பூசிய கல் ஒன்று உண்டு. ஆடுமாடுகள் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது என்பது துரையின் உத்தரவு. தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்களை மேலே அனுப்பிவிட்டு நான் கல்லருகே காவல் நின்றேன்.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அந்தோணி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். "ஐயா, மாட்ட மேல ஏத்திரவா?"

"துரை வரட்டும். கேட்டுட்டு ஏத்தலாம்."

"துரை சம்பான் படகுலதான் வரணும்லா. அதுவரைக்கும் தண்ணி நிக்குமா? அதுக்கும் நீங்களே ஒரு உத்தரவு போட்டுருங்க."

மரகதம் குழந்தையோடு ஏறி வந்தாள். "ஏங்க, ஆடு எங்க?"

"பரண்ல இருக்கு. பத்திரமா இருக்கு."

"நம்ம பத்திரமா இருக்க மேட்டுக்கு வரோம். ஆடு பத்திரமா இருக்கப் பள்ளத்துல நிக்குதா?"

"கிராணி வீட்டு ஆடே கல்லத் தாண்டுனா அப்புறம் யாரு என் பேச்சக் கேப்பா?"

"இப்ப மட்டும் யாரு கேக்குறா?" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள்.

கேட்காதவர்கள் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தார்கள். முதலில் ஒரு காட்டுப்பன்றி, பின்னால் வரிசையாகக் கோடு போட்ட குட்டிகள். ("ஏய், போ!" என்று குடையை ஆட்டினேன். அது என்னைப் பார்த்த பார்வையில் அவமதிப்புகூட இல்லை.) பிறகு மிளா. பிறகு சருகுமான்கள். அவற்றுக்குப் பின்னால், பன்றியைவிடப் பெரிதாக, மூக்கு நீண்ட தாப்பிர் ஒன்று நடந்து வந்தது. முன்பக்கம் கறுப்பு, இடுப்பைச் சுற்றி வெள்ளை. வேட்டி கட்டிக்கொண்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ புறப்பட்டதுபோல் நிதானமாகக் கல்லைத் தாண்டியது. மாடுகளும் அதன் பின்னே நடந்தன. துரையின் டென்னிஸ் புல்தரையில் மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்கு இரண்டு கஜம் தள்ளி மான்கள் நின்றன. யாரும் யாரையும் துரத்தவில்லை. அந்தோணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் குடையை மடக்கினேன்.

அந்த அமைதியில்தான் கீழேயிருந்து எங்கள் ஆடு கத்தியது. மரகதத்தின் மடியில் குழந்தையும் கத்தினான். பசி வேளை.

அந்தோணியின் மரம் வெட்டும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மேட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஓடிய கால்வாயின் மூழ்கிய பாலத்தைக் காலால் தடவிக் கடந்தேன். கொட்டகையில் தண்ணீர் என் மார்புக்கு வந்திருந்தது. பரணில் ஆடு வயிறு நனைய நின்றது. என் இரட்டை முடிச்சு எனக்கே அவிழவில்லை. ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. கயிற்றைத் தூணருகே அறுத்தேன். ஆடு தப்பிவிடக் கூடாதே என்று மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

ஆட்டுக்குப் பாலம் எதற்கு? அது நேராக மேட்டைப் பார்த்து நீந்தியது. நடுவில் கால்வாய். எனக்கு நீச்சல் தெரியாது. கால் தரையை விட்ட கணத்தில் வாயில் நுழைந்த சேறு இன்னும் நினைவிருக்கிறது. அதைவிட நன்றாக நினைவிருப்பது முன்னால் தெரிந்த ஆட்டின் தலை. அது திரும்பிப் பார்க்கவில்லை, தடுமாறவில்லை. கழுத்தை நீட்டி, மூச்சிரைக்க, ஓர் ஆளின் பாரத்தை இழுத்துக்கொண்டு போனது. கூளம் சுற்றிய அந்தச் சின்னக் கொம்புகளைப் போல் கம்பீரமான எதையும் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பின்னாளில் சிங்கப்பூரில் பத்திரிகைக்காரனாகி எத்தனையோ ஊர்வலங்களுக்குப் போயிருக்கிறேன்.

மேட்டில் ஏறியும் அது நிற்கவில்லை. முழங்கால் உரச, வேட்டி எங்கோ போக, மொத்தத் தோட்டமும் பார்க்க, என்னைக் கல்லுக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மரகதத்தின் முன் நிறுத்தியது.

"கிராணி ஐயாவ ஆடு ஏத்திருச்சுடோய்!" என்று அந்தோணி கூவினார்.

மரகதம் சிரிக்கவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்தாள். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு செம்பை எடுத்தாள். பால் கொஞ்சம்தான் வந்தது, அவனுக்குப் போதுமாயிருந்தது.

என் மகன் பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி வீட்டார், "அப்பா என்ன செய்யறாரு?" என்று கேட்டார்கள். "பத்திரிகையில இருக்காரு. அதுக்கு முன்னால அவரக் கயித்துல கட்டி எங்க ஆடு வளத்துச்சு" என்றாள் மரகதம். இப்போது அதைப் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

அந்த ஆடு அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்களோடு இருந்தது. ஒரு நாள்கூட என்னைப் பால் கறக்க விடவில்லை.