கணவாய் ஓட்டில் பல் தேய்த்த கதை

ஊரில் யாருடைய பல்லும் மஞ்சள் கிடையாது. கண்ணாடியில் தெரிகிற நம்முடைய பல் மட்டும்தான் மஞ்சள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. எப்படிப் பட்டேன் என்று சொல்கிறேன், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடித்தபாடில்லை.

பி.காம் முடித்துவிட்டு சும்மா இருந்தேன். (சும்மா என்றால் செல்போனும் கையுமாக.) காரைக்காலில் வேலை கிடைக்காவிட்டால் திருப்பூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அம்மா சொல்லிவிட்டார். சித்தப்பா தங்கமான மனிதர். ஆனால் எனக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை, நினைத்தாலே அழுகை வந்தது. அந்த நேரத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் தேவை என்று தெரியவந்தது. போன் போட்டுக் கேட்டேன், திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

பல் ஆஸ்பத்திரியில் முன்னால் உட்காருகிறவளுக்கு முத்துப்பல் வேண்டாமா? என் பல்லோ கழுவாத டீ டம்ளர் நிறம். செல்போனைத் தேய்த்தால், ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்து இயற்கை முறையில் ஒரே வாரத்தில் வெண்மை என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். கூடவே கடல்நுரைப் பொடி ஒரு சிட்டிகை, நாட்டு மருந்துக்கடையில் கிடைக்குமாம். கடல்நுரை வேறொன்றுமில்லை, கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்கிற வெள்ளை ஓடு. மீனவர் குப்பமான பட்டினச்சேரியில் என் தோழி செல்வி வீட்டில் அதைக் குப்பையில் கொட்டுவார்கள். நான் கடைக்குப் போவேனா? ஒரு பை நிறையக் கொண்டுவரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஓட்டை அம்மாவின் மிக்ஸியில் போட்டு அரைத்தேன். வீடெல்லாம் கருவாட்டு வாடை. பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று அம்மா கட்டிலுக்கு அடியில் தேடினார். எனக்கு ஒரு வாரம் பொறுக்க நேரமில்லை. அதனால் எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் குழைத்து, ஒரு வாரத்துத் தேய்ப்பையும் அன்றைக்கே தேய்த்து முடித்தேன், சிட்டிகை சிட்டிகையாக இல்லை, கை நிறைய. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்ன முன்னோர்கள் கணவாயைச் சேர்க்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

மறுநாள் பல் கொஞ்சம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் யாருக்கும் காட்ட முடியவில்லை. ஈறு சிவந்து வீங்கிவிட்டது, வாயைத் திறந்தால் காற்று பட்டுப் பல் கூசி உயிர் போனது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலில் வரவேற்க ஆளில்லை. (அதற்குத்தானே ஆள் தேடுகிறார்கள்.) உள்ளேயிருந்து டாக்டரம்மாவே வந்தார். கன்னத்தில் கை, கண்ணில் தண்ணீர், இப்படி ஒருத்தி நின்றால் அவர் என்ன நினைப்பார்?

"வாம்மா உள்ள. ரொம்ப வலிக்குதா?"

நான் அதற்கு வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏசி காற்று உள்ளே போனது. "ஆ" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த நிமிடம் நான் அந்தச் சாய்வு நாற்காலியில், கழுத்தில் காகிதத் துண்டு, முகத்தில் விளக்கு, வாயில் பஞ்சு.

"என்னத்தைப் போட்டுத் தேய்ச்ச? மறைக்காம சொல்லும்மா."

பஞ்சோடு சொன்னேன். "எலுமிச்சம்பழம், உப்பு, அப்புறம் கணவாய் ஓடு, டாக்டர்."

டாக்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். "எங்க வீட்டு லவ் பேர்ட்ஸ் கூண்டுல அதத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அதுங்க அலகு தீட்டிக்கிறதுக்கு."

அப்புறம் நிதானமாகத் திட்டினார். எலுமிச்சை பல்லின் மேற்பூச்சை இளக்கிவிடுமாம், அதன்மேல் ஓட்டைத் தேய்ப்பது உப்புத்தாள் போடுகிற மாதிரியாம். லேசான மஞ்சள்தான் பல்லின் சொந்த நிறம் என்றும், என் பல்லில் இருந்தது வெறும் டீக்கறை என்றும் சொன்னார். கூச்சத்துக்கு மருந்து தடவி வெளியில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். திருப்பூர் பஸ் என் கண்முன்னே புறப்பட்டுக்கொண்டிருந்தது.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. குரும்பகரத்துப் பெரியவர் ஒருவரும் குழந்தையோடு வந்த ஒரு அம்மாவும் யார் முதலில் என்று மல்லுக்கு நின்றார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எடுத்து, பல்லைக் கடித்தபடியே பேசி, சாயங்காலம் வரச் சொன்னேன். குழந்தை அழுகிறது, அதை முதலில் அனுப்பலாம் என்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

எட்டிப் பார்த்த டாக்டர், கழுத்துத் துண்டோடு ரிசப்ஷன் மேசையில் இருந்த என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ இன்னும் வீட்டுக்குப் போவலையா?"

"நான் வேலைக்குத்தான் வந்தேன், டாக்டர்."

அவர் சிரித்த சிரிப்பில் பெரியவரும் சேர்ந்துகொண்டார். மறுநாளே வேலையில் சேர்ந்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை, வாயைத் திறந்து சிரிக்கத்தான் முடியவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வீட்டிலேயே வெள்ளையாக்க வழி உண்டா என்று யாராவது கேட்டால், முன்னால் இருக்கிற பெண்ணைக் கேளுங்கள் என்று டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

அம்மாவுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்துவிட்டது. என் தம்பி வேலை கேட்டுப் போனபோது, "உள்ள போனதும் மொதல்ல, வேலைக்குத்தான் வந்திருக்கேன்னு சொல்லிரு. அப்புறமா நாற்காலில உக்காரு" என்று சொல்லி அனுப்பினார். அவனும் அப்படியே சொல்லி, அவர்கள் சிரித்து, வேலையும் கிடைத்தது. அதிலிருந்து வெளியே கிளம்புகிற எல்லோருக்கும் அம்மா இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். பிரான்சில் இருக்கிற மகளைப் பார்த்துவர, டூரிஸ்ட் விசாவுக்காக இன்று காலை பாண்டிச்சேரி கிளம்பிய எதிர்வீட்டு அங்கிளுக்கும் சொல்லியிருக்கிறார். அவரும் பயபக்தியாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.