காலடியில் ஏதோ சலசலக்கிறது

"சார், நீங்க அனுப்பினது குறிப்பு இல்லை, கூரியர் அட்ரஸ்."

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில் எனக்கு வந்த மின்னஞ்சலின் முழு வாசகமும் இவ்வளவுதான். அனுப்பியவர் நிவேதா, சென்னையில் கணினி விளையாட்டு தயாரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கொடுத்தவர். மாதமும் கிழமையும் சொல்லிவிட்டு ஆண்டை விட்டுவிட்டேனே என்று என்னை அறிந்தவர்கள் ஆச்சரியப்படலாம். (ஆண்டு போடாத செய்தியை நான் வதந்திக் கணக்கில்தான் சேர்ப்பேன்.) எங்கள் வீட்டு ஓனரின் சம்பந்தி வீட்டார் நல்ல ஆரோக்கியத்தோடும், அதைவிட நல்ல ஞாபகசக்தியோடும் இருக்கிறார்கள். காரணம் அது மட்டுமே.

பாதாளக் குகை விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. ஆடுகிறவர் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு தளம் தளமாகக் கீழே இறங்குவார். புதையல் இருக்கும், புதையலைவிட அதிகமாகப் பூதம் இருக்கும். போய்க்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து மறையும்: "எங்கோ இரும்பு உரசுகிறது." அல்லது, "காற்றில் பழைய எண்ணெய் வாடை." அவ்வளவுதான். எங்கே, யார், எத்தனை பேர் என்று ஒரு விவரமும் கிடையாது. ஆனால் அந்த வரியைப் படித்ததும் ஆடுகிறவருக்கு உள்ளங்கை வியர்க்க வேண்டும். இந்தத் தளத்தில் ஏதோ இருக்கிறது. தங்கமா, எமனா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட வரிகளைத் தமிழில் எழுதி, குரலும் கொடுத்து அனுப்புவது என் வேலை.

திருத்தணி வட்டாரத்து வரலாற்றைத் துருவித் துருவி விழா மலர்களில் எழுதிக்கொண்டிருந்த என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் அனுப்பிய முதல் குறிப்பு இது: "மூன்றாம் தளம், தென்மேற்கு அறை, இடது சுவரை ஒட்டி இரும்புப் பெட்டி. காவலுக்கு இரண்டு பாம்புகள். அவற்றில் ஒன்று குருடு."

மின்னஞ்சலைத் தொடர்ந்து நிவேதாவே போனில் வந்தார்.

"பாம்பு குருடுன்னு எதுக்கு சார் சொல்றீங்க?"

"நீங்க அனுப்பின வரைபடத்துல அப்படித்தானேம்மா இருக்கு."

"ஆடறவன் பயப்படணும் சார்."

"குருட்டுப் பாம்புக்கும் விஷம் உண்டும்மா."

"ஆடிக் கிருத்திகைக்குள்ள மாத்தி அனுப்புங்க சார். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார்.

மூடுமந்திரமாகப் பேசுவது எப்படி என்று நான் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு எங்கள் ஊரைப் போல ஒரு கல்லூரி கிடையாது என்பது தேடிப் போன பிறகுதான் புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று "பொதட்டூர்பேட்டை வண்டி எப்ப?" என்று கேட்டேன். "வர்ற நேரந்தான்" என்றார்கள். (போய்விட்டதா, வரவே வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பொய்யும் இல்லை.) கல்யாணத் தரகர் ஒருவர் டீக்கடையில் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பொண்ணு தங்கம். வூட்ல சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி." புதையலையும் பூதத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த மனிதர் காலில் விழலாமா என்று தோன்றியது. டிவியைப் போட்டால், ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமானது வரை மழை பெய்யக்கூடும் என்றார்கள். உலகமே குகைக் குறிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. முகவரி எழுதிக்கொண்டிருந்த முட்டாள் நான் ஒருவன்தான்.

இதற்கிடையே வீட்டில் தண்ணீர் நின்றுபோனது.

எங்கள் ஓனர் முனிரத்தினத்துக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு நிலம் உண்டு. முன்பகுதியில் அவரும் அவர் மனைவி கஸ்தூரியும் இருந்தார்கள். பின்பகுதியில் நானும் என் மனைவி சுமதியும். பழைய போர்வெல் வற்றி, மோட்டாரைப் போட்டால் காற்று மட்டும் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் தண்ணீர் இல்லாத வீடு என்பது பந்தி இல்லாத கல்யாணம் மாதிரி. போதாததற்கு, தை மாதம் மகளை ஆந்திர எல்லையைத் தாண்டி நகரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முதல் கிருத்திகைக்கு வந்து தங்கப் போகிறார்கள். "வந்தவங்களுக்குக் கால் கழுவத் தண்ணி இல்லன்னா எம்பொண்ணு அங்க எப்டி தலை நிமிர்ந்து நிக்கும்?" என்று கஸ்தூரி சுமதியிடம் அழுததை நானே கேட்டேன். புது போர் போட வண்டிக்குச் சொல்லியாயிற்று. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, தோட்டத்தின் மேற்கே, மாட்டுக்கொட்டகை ஓரம் பாயிண்ட் வைத்துவிட்டுப் போனார்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் காலை, நான் குரல் பதிவுக்கு இடம் தேடினேன். அறைக்குள் மின்விசிறிச் சத்தம், தெருப்பக்கம் ஒலிபெருக்கி. தோட்டத்தின் ஈசான்ய மூலைதான் அமைதியாக இருந்தது. அப்போது என் தோற்றத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வேலை கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாகச் சுமதி வேண்டிக்கொண்டிருந்தாள். (வேண்டுதல் அவளுடையது, தலை என்னுடையது.) அன்று விடியற்காலையில்தான் மலையில் முடியிறக்கி, தலை நிறைய சந்தனமும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்திருந்தேன். சுமதி அரக்கோணத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் வேட்டியோடு மூலையில் நின்று, கண்ணை மூடி, போனை மார்போடு அணைத்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து பேசினேன்:

"மேற்கே ஏதோ மூச்சு விடுகிறது... மேற்கே போகாதே... உன் காலடியில்... ஏதோ... சலசலக்கிறது..."

அற்புதமாக வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

மாலையில் முனிரத்தினம் வந்தார். வழக்கமாக "சார், மோட்டார நிறுத்துனீங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறவர், அன்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"சார், காலைல அந்த மூலைல நின்னுகினு ஒண்ணு சொன்னீங்களாமே?"

"கேட்டீங்களா?"

"கஸ்தூரி கேட்டுச்சி. மாடில மொளகா காய வச்சிகினு இருந்திச்சாம். ஒடம்பெல்லாம் சிலுத்துகிச்சின்னுது."

சிலிர்ப்பு! எழுதுகிறவனுக்கு அந்த ஒரு சொல் போதும். நாளைக்குப் போர் வண்டி வருவதும், வீட்டில் நான்கு நாளாகத் தண்ணீர் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் வந்து நம் வாக்கியத்தைப் பற்றிக் கேட்கும்போது உலகத்தில் வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

"எந்த வரிக்கு?" என்றேன்.

"காலடில சலசலன்னு இன்னாவோ..."

கண்ணை மூடி, அதே குரலில் மறுபடி சொல்லிக் காட்டினேன். அவருடைய கைகள் தாமாகக் கூடின. ரசனையுள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நெஜமாவே தண்ணிதானா சார்?"

"அதை நான் சொல்லிடக் கூடாது. தோண்டறவன்தான் தெரிஞ்சுக்கணும்."

"ஆங். எத்தினி அடின்னு..."

"ஆழத்தைச் சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான். அப்ப அந்த மேக்கால?"

"மேற்கே போகவே கூடாது. அங்க இருக்கறது லேசுப்பட்டதில்லை." (ஒன்பதாம் தளத்து அரக்கனை மனத்தில் வைத்துச் சொன்னேன்.)

முதுகைக் காட்டாமல், கருவறையிலிருந்து வருகிறவர் போலப் பின்னாலேயே நடந்து வெளியே போனார். சிறிது நேரத்தில் ஒரு செம்பு பாலும் அரைச் சீப்பு வாழைப்பழமும் வந்தன.

"இன்னா திடீர்னு பால் பழம்?" என்றாள் வேலையிலிருந்து வந்த சுமதி.

"ரசிகர்கள்" என்றேன்.

மறுநாள் காலை சுமதி போனபின், பதிவுகளை நிவேதாவுக்கு வீடியோ அழைப்பில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெரிய உறுமல். "சார், பின்னாடி ஒரு சவுண்டு வருதே, சூப்பரா இருக்கு. அது என்ன மிருகம்?" என்றார். எட்டிப் பார்த்தேன். போர் வண்டி ஈசான்ய மூலையில் நின்றுகொண்டிருந்தது. அதன் இரும்புக் கம்பத்துக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், மாலை. நேற்று நான் நின்ற இடத்தில், என் இரண்டு பாதங்களுக்கும் அடையாளமாகக் கோலமாவில் வட்டம் போட்டிருந்தார்கள். அதன் நடுவே துளைக்கும் கம்பி.

ஓடினேன். கஸ்தூரி கற்பூரத் தட்டோடு எதிரே வந்து வண்டிக்குக் காட்டிய ஆரத்தியை எனக்கும் காட்டினார்.

"நீங்க காமிச்ச எடந்தான் சார்."

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. "அக்கா, அது விளையாட்டு!" என்று அலறினேன்.

"ஆங், எல்லாம் அவன் வெளயாட்டுதான் சார்" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கம்ப்யூட்டர் விளையாட்டுக்கா! குகை! பூதம்! நிறுத்துங்க!" என்றேன். அதற்குள் கம்ப்ரஸர் முடுக்கப்பட்டுவிட்டது. நான் கையை விரித்து விரித்து ஆட்டியதை, சாமி மறுபடியும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்ட முனிரத்தினம், வண்டிக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தி ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பழத்தட்டு. "பாவா, புது போரா? நாங்க வர்ற நேரத்துக்கு கங்கம்மாவே வரப்போறா" என்று சிரித்துக்கொண்டே, தண்ணீர் தெறிக்கிற முதல் துளியை நெற்றியில் வாங்கிக்கொள்ள வண்டியோரம் வந்து நின்றார்.

கம்பி மண்ணில் இறங்கியது. கொஞ்ச ஆழத்திலேயே ஏதோ உடைகிற ஓசை. அப்புறம் கம்ப்ரஸர் காற்று உள்ளே போனது. உள்ளே இருந்தது வெளியே வந்தது.

அது தண்ணீர் இல்லை என்று மூக்கு முதலில் சொன்னது, பிறகு கண். முந்தின ஓனர் காலத்தில் உறை இறக்கி, கல் போட்டு மூடி, மேலே மண் தள்ளிவிட்டுப் போன கக்கூஸ் குழி அது. கைவிடப்பட்டதாக எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். ஆனால் அது கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை. புத்தம் புதிதாக, வீரியத்தோடு, பனைமரத்து உயரத்துக்கு எழுந்தது. மாடியில் காய்ந்த மிளகாய் போயிற்று. எலுமிச்சை மாலை போயிற்று. என் சந்தனம் போயிற்று. சம்பந்தி பழத்தட்டை நெஞ்சோடு பிடித்தபடி அசையாமல் நின்றார்.

வண்டிக்காரர் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அப்புறம் வந்த அமைதியைப் போல ஓர் அமைதியை நான் எந்தக் குகைக்கும் எழுதியதில்லை.

"ஏந்தி பாவா இதி?" என்று தெலுங்கில் கேட்டார் சம்பந்தி, உதடு அதிகம் திறக்காமல்.

முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீங்க சொன்னது சரிதான் சார். சலசலன்னுதான் கீது."

அந்தத் தெருவிலேயே தண்ணீர் அதிகம் தேவைப்பட்ட மனிதர் நின்ற வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூடத்தில் குடிக்க வைத்திருந்த கேன்கள்தான் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, நகரியின் மரியாதைப்பட்ட ஒரு குடும்பத் தலைவரின் தலையில் நான் ஊற்றினேன். ஊற்றும்போது இது ஒரு கணினி விளையாட்டு என்பதை முதலிலிருந்து விளக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இப்ப மேக்கால இன்னா கீதுன்னு சொல்றீங்க?" என்றார்.

"அரக்கன்."

"அப்ப அங்கயே போடு பாவா" என்றார் முனிரத்தினத்திடம். "இவரு வேணாங்கற எடந்தான் நல்ல எடம்."

அன்று மாலையே தேங்காய்க்காரர் வைத்த பாயிண்டில் வண்டி இறங்கியது. தண்ணீர் தெளிவாக, இனிப்பாக வந்தது. கிருத்திகைக்குச் சம்பந்தி குடும்பம் அங்கேயே தங்கியது. மகள் தலை நிமிர்ந்துதான் நின்றாள். மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாள். நிவேதா அழைப்பைத் துண்டிக்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாராம். ஒன்பதாம் தளத்து அரக்கன் இன்றைக்கும் போர் வண்டியின் குரலில்தான் உறுமுகிறான். அவனுக்கு முன்னால் ஒரு மனிதன் "நிறுத்துங்க!" என்று அலறுவதற்கு எனக்குத் தனியாகப் பாராட்டு வந்தது.

வீட்டில்தான் மீள முடியவில்லை. "உப்பு எங்கே?" என்று கேட்டால், சுமதி கண்ணை மூடி, "எங்கோ ஒரு டப்பாவில் ஏதோ வெண்மையாக..." என்று ஆரம்பிக்கிறாள். நகரியில் யாராவது பிடிகொடுக்காமல் பேசினால், "திருத்தணி சார் மாதிரி பேசாத, பக்கெட்டு எடுத்துகினு வரணும்" என்கிறார்களாம்.

வரலாற்றுக்காக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். மூடிய அந்தக் குழிக்குள் அத்தனை காலமும் ஒரு குழாய் வந்து கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது யார் வீட்டுக் குழாய் என்று விசாரித்தேன். வடக்கு வீட்டார் கிழக்கு வீட்டைக் காட்டினார்கள். கிழக்கு வீட்டார் வடக்கைக் காட்டினார்கள். முனிரத்தினம் மட்டும், அது நாங்கள் குடியிருக்கும் பின்பகுதியிலிருந்தே வந்திருக்கலாம் என்கிறார். ஒரு வாளி சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.