விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று

பதினான்காவது நாளாக நூலகர் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கி எழுந்தார்.

புதிதாக வாங்கிய மின்விசிறிதான் காரணம். அதன் வயிற்றில் வட்டமாக ஒரு விளக்கு. கடையில் பார்க்க லட்சணமாக இருந்தது. வீட்டில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, இரண்டுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே சுவிட்ச். விசிறி சுற்றினால் விளக்கு எரியும். விளக்கை அணைத்தால் விசிறி நிற்கும். மனைவிக்குக் காற்று இல்லாமல் தூக்கம் வராது. நூலகருக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. பேச்சுவார்த்தையில் மனைவி ஜெயித்தாள்.

"ஏங்க, துண்டை அவிழ்த்துட்டுக் கேளுங்க. அப்பா சாயங்காலம் வர்றார். ஒரு மாசம் இருக்கப் போறார். இந்த ரூம்தான் அவருக்கு."

"அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வை."

"எதுக்கு? வந்து பத்து நிமிஷத்துல ரெண்டு சுவிட்சாப் பிரிச்சுடுவார்."

நூலகர் எழுந்து உட்கார்ந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்த வீட்டில் எது பழுதானாலும் மாமனார் பேச்சுதான் முதலில் வரும். மிக்ஸி நின்றபோது வந்தது. குழாய் ஒழுகியபோது வந்தது. "எங்க வீட்டு வாசப்படியை ஒரு மெக்கானிக் மிதிச்சு நான் பார்த்ததில்ல" என்பாள் மனைவி. மாமனார் தூரத்து ஊரில் இருந்தார். இங்கே ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"நானே பண்றேன்," என்றார் நூலகர்.

"என்னது?"

"ரெண்டு சுவிட்ச். நானே."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் உறைத்தது. "போன வருஷம் ஒரு பல்பு மாத்தினீங்க."

"ஆமா."

"அது எரியலை."

"அது பல்பு மேல தப்பு."

இந்த முறை விட்டால் அவ்வளவுதான். வந்த முதல் நாளே மாமனார் ஸ்டூல் மேல் ஏறி வேலையை முடித்துவிட்டால், மீதி இருபத்தொன்பது நாளும், அதற்குப் பிறகு வரும் எல்லா வருடங்களும், இந்த வீட்டில் நூலகருக்கு அந்த ஸ்டூலுக்கு உள்ள மரியாதைகூட மிஞ்சாது.

"உங்க அப்பா எப்படிச் செய்வார்?" என்று கேட்டார், சும்மா கேட்பதுபோல.

"எங்களையெல்லாம் வெளியில அனுப்பிடுவார். சுத்தி ஆள் இருந்தா அவருக்குக் கை ஓடாது. கடைத்தெருப் பக்கம் போயிட்டு வாங்கன்னுவார். திரும்பி வந்தா எல்லாம் ஓடிக்கிட்டிருக்கும். சட்டையில ஒரு பொட்டு அழுக்கு இருக்காது."

"எனக்கும் அப்படித்தான். ஆள் இருந்தா கை ஓடாது."

"ஆள் இல்லாட்டியும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் கைப்பையை எடுத்தாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அப்படியே நாலு மணி பஸ்ஸுக்குப் போய் அப்பாவைக் கூட்டிட்டு வந்துடறேன். மெயினை ஆஃப் பண்ணிட்டுத் தொடுங்க. எனக்கு நீங்க வேணும்."

அவள் போனதும் நூலகர் மெயினை அணைத்தார். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த வீட்டு மின்வேலைப் புத்தகத்தைப் பிரித்தார். 'விசிறிக்கும் விளக்குக்கும் தனி இணைப்பு: படம் அடுத்த பக்கத்தில்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். விசிறியை மறந்துவிட்டு ஐந்து நிமிடம் அந்த வாசகரைத் திட்டினார்.

பிறகு சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே ஆறு ஒயர்கள். ஆறும் சிவப்பு.

இருபது வருட நூலக அனுபவம் கைகொடுத்தது. புத்தக முதுகில் ஒட்டும் சின்னச் சீட்டுகளில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி, ஒயருக்கு ஒன்றாக அழகாக ஒட்டினார். ஆறையும் கழற்றினார். தள்ளி நின்று பார்த்தார். நிறைவாக இருந்தது.

எந்த ஒயர் எந்தத் திருகில் இருந்தது என்று எழுதி வைக்கவில்லை. புத்தகத்துக்கு எண் போட்டவர் அலமாரிக்குப் போட மறந்துவிட்டார்.

பரவாயில்லை, யோசித்தால் வரும் என்று யோசித்தார். வரவில்லை. ஏறுவரிசையில் மாட்டினார்.

மெயினைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். விசிறி, மாடிப்படி ஏறும் முழங்கால் வலிக்காரர் போல, முனகிக்கொண்டே ஒரு சுற்று சுற்றியது. விளக்கு அழுது வடிந்தது. பக்கத்தில் குளியலறை விளக்கும் தானாக எரிந்தது, அதுவும் அழுதுகொண்டே.

மெயினை அணைத்து இரண்டையும் நான்கையும் மாற்றினார். இப்போது படுக்கையறை சுவிட்சைத் தட்டினால் குளியலறையில் வெளிச்சம். குளியலறை சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமில்லை.

மூன்றையும் ஐந்தையும் மாற்றினார். மெயினைப் போட்ட உடனே விசிறி ஜோராகச் சுற்றியது, விளக்கு பளிச்சென்று எரிந்தது. நூலகர் துள்ளினார். சுவிட்சைத் தட்டினார். இரண்டும் அணையவில்லை. எல்லா சுவிட்சையும் தட்டினார். எதற்கும் அசையவில்லை. முன்பு இரண்டையும் சேர்த்தாவது அணைக்க முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

போன் அடித்தது.

"முடிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட. நல்லா சுத்துது. நல்லா எரியுது."

"அட! அப்பாகிட்ட சொன்னேங்க. பஸ்ல இருக்கார். மாப்பிள்ளையே பண்றாரான்னு ரெண்டு தடவை கேட்டார்."

"ரெண்டு தடவையா?"

"அப்புறம், வேலை முடியலைன்னா சொல்லும்மா, நடுவுல இறங்கி அடுத்த வாரம் வேணா வர்றேன்னார்."

நூலகருக்குக் காது சூடானது. எவ்வளவு நாசூக்காகக் குத்துகிறார் மனிதர்! "வரச் சொல்லு," என்று வைத்துவிட்டு, மெயினை அணைத்து ஒன்றையும் ஆறையும் மாற்றி, மறுபடி போட்டார்.

டப்.

சுவரில் கரித்தடம். வீடு முழுக்கச் சத்தமில்லை. ஃபிரிட்ஜ்கூட வாயை மூடிக்கொண்டது. மணி இரண்டரை.

அரைமணி கழித்து எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். போர்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யார் சார் இதுல கை வெச்சது?"

"எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்க."

"சீட்டெல்லாம் ஒட்டியிருக்கு. பசைகூடக் காயலை."

"இருக்கும்."

"ஒரு ஆள் பண்ணின மாதிரி இல்லையே சார். நாலு பேர் சண்டை போட்டுக்கிட்டே பண்ணின மாதிரி இருக்கு."

"நாலு மணிக்குள்ள முடியுமா?"

"இங்க என்னத்தை மாத்தினாலும் வேலைக்கு ஆகாது சார். மேலே ஒத்தை லைன்தான் போகுது. அதுலயே ரெண்டையும் முறுக்கி விட்டிருக்காங்க. இன்னொரு லைன் இழுத்து, லைட்டைப் பிரிச்சு, இந்தக் காலி இடத்துல ஒரு சுவிட்ச் போடணும். நாலரை ஆகும்."

"நாலே கால். நீங்க வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது."

எலக்ட்ரீஷியன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏணியை விரித்தார்.

புது ஒயர் சுவருக்குள் பாதி தூரம் ஏறியிருந்தபோது மறுபடி போன்.

"அப்பா வந்துட்டார். கிளம்பறோம். அது என்னங்க தட்டற சத்தம்?"

"நான்தான்."

"ஒரு கையில போன், ஒரு கையில சுத்தியலா?"

"பழகிடுச்சு."

மேலே எலக்ட்ரீஷியன் பலமாகத் தும்மினார்.

"யாரது?"

"நான்தான். தூசி." நூலகர் அவளை நம்பவைக்க இன்னொரு தும்மல் போட்டார். அதே நேரத்தில் மேலேயும் ஒரு தும்மல் விழுந்தது.

"ரெண்டு ரெண்டா தும்மறீங்க?"

"ரூம் காலியா இருக்குல்ல, எதிரொலிக்குது," என்று வைத்தார்.

நாலு இருபதுக்கு எலக்ட்ரீஷியன் இறங்கினார். "தட்டிப் பாருங்க சார்."

நூலகர் முதல் சுவிட்சைத் தட்டினார். விசிறி மட்டும். இரண்டாவது, விளக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து. இரண்டும் இல்லாமல். குளியலறை தன் வேலையைப் பார்த்தது. எலக்ட்ரீஷியன் கரித்தடத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. "பின்பக்கம்!" என்றார் நூலகர். இருவருமாக ஏணியைப் பின்சுவர் மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஏணியைத் தொடர்ந்து எலக்ட்ரீஷியனும் போனார்.

நூலகர் ஓடி வந்து, விசிறியை மட்டும் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. பதினான்கு நாளில் முதல் முறையாக அந்த அறையில் இருட்டும் காற்றும் ஒன்றாக இருந்தன. அப்படியே படுத்துத் தூங்கியிருப்பார், கதவு திறக்காமல் இருந்திருந்தால்.

மனைவி சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள். விசிறி நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு நூலகரைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் பார்த்ததில்லை.

"அப்பா, பாருங்கப்பா! இவரேப்பா!"

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். போர்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"நீங்களேவா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"மேலே இன்னொரு லைன் போயிருக்கணுமே?"

"போயிருக்கு மாமா."

"சுவத்துக்குள்ள பைப் வளைஞ்சு போகுமே. அதுல ஒயரை எப்படி ஏத்தினீங்க?"

நூலகர் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினார்.

"வந்ததும் வராததுமா என்னப்பா பரீட்சை?" என்றாள் மனைவி. "உட்காருங்க, குடிக்கத் தண்ணி கொண்டு வர்றேன்." இந்த ஒரு நாளில் பாதி வயது குறைந்தவள்போலப் போனாள்.

மாமனார் கதவைச் சாத்தினார். நூலகர் எழுந்து நின்றார். மாட்டிக்கொண்டாயிற்று. அவரே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

"மாமா, உண்மையைச் சொல்லணும்னா..."

மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த எலக்ட்ரீஷியன் நம்பரை எனக்கும் கொடுங்க மாப்பிள்ளை. இந்த ஊர்ல எனக்கு ஆள் கிடையாது."