என் தம்பி அனுப்பிய ரோந்து வண்டி

லோன்ட்ரீ கவுண்டி, வடக்கு டகோட்டா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி லைலுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் நலத்தைக் கடிதத்தின் கடைசியில்தான் விசாரிப்பேன், ஏனென்றால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். முதலிலேயே விசாரித்துவிட்டால் கோபத்துக்கு மரியாதை இருக்காது.

மினியாப்பொலிஸில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்து, "எங்கக்கா ஒரு மாதிரியா பேசுறா, யாராவது போய்ப் பாருங்க" என்றாயாமே. உன்னோடு பேசும்போது நான் உன்னை "அப்பா" என்று கூப்பிட்டேனாம். கூப்பிட்டால் என்ன? வயதாக ஆக உன் குரல் அவர் குரல் மாதிரியே ஆகிவிட்டது. குளிருக்கு ஹீட்டரைப் போட்ட நாளிலிருந்து எனக்குத் தலைவலி, கொஞ்சம் கிறுகிறுப்பு, சாப்பாடு பிடிக்கவில்லை. ஜலதோஷம் என்று நினைத்தேன். ஜலதோஷத்துக்குப் போலீஸை அனுப்புகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். அதுவும் இத்தனை ஊர் சேர்ந்த இந்தப் பெரிய கவுண்டியில் ரோந்துக்கு இருப்பதே மூன்று பேர். சாலையில் படுத்த மாடுகளை எழுப்பி விடுவது, பனியில் சிக்கிய வண்டியை இழுப்பது, நடக்க முடியாத ஹில்டாவுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது, வேலிச் சண்டையில் நடுவில் நின்று இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொள்வது எல்லாம் அந்த மூன்று பேர்தான். அவர்களில் ஒருவனை நீ என் வாசலுக்கு இழுத்துவிட்டாய்.

வந்தவன் ட்ராய் வோல்ட். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வாந்தி எடுப்பானே, அவனேதான். இப்போது இடுப்பில் துப்பாக்கி, தலையில் வழுக்கை. நான் கதவைத் திறந்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஆர்டிஸம்மா, எவ்வளவு நாளா தலைவலி?"

"நீ என் பஸ்ல ஏறுன நாள்லேர்ந்து."

அவன் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போய் ஹீட்டரைப் பார்த்தான். பக்கத்துச் சுவரெல்லாம் கரி. அதை அணைத்தான், ஜன்னல்களைத் திறந்தான், திரும்பி வந்து என்னை மாட்டுத்தீவன மூட்டை மாதிரி தூக்கி வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துத் தன் கோட்டைப் போர்த்தினான். புகைக்குழாய்க்குள் குருவி கூடு கட்டி அடைத்திருந்ததும், வாசனையே இல்லாத விஷக்காற்று வீடு முழுக்க நிறைந்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கம்பக்கத்தார் பார்க்க ஒரு போலீஸ்காரன் என்னைத் தூக்கிவிட்டான் என்பதுதான். அக்கம்பக்கத்தார் ஆறு மைல் தள்ளி இருக்கிறார்கள், ஆனாலும் மானம் மானம்தானே.

ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோளில் மாட்டியிருந்த சின்ன ரேடியோவை அழுத்தினான். இந்தப் பள்ளத்தில் அது எடுக்காது, வண்டிக்குள் இருக்கும் ரேடியோதான் எடுக்கும். ஓடினான். வந்தபோது அவன் திறந்து போட்டிருந்த வண்டிக் கதவு வழியாக என் வாத்து, பிஷப், உள்ளே ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. ட்ராய் கையை நீட்டினான், அது கொத்தியது. மறு கையை நீட்டினான், அதையும் கொத்தியது. ரேடியோவில் ஒரு பெண் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வராததால் அவனை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டி மற்ற இரண்டு பேரையும் அவர்கள் தலைவர் ஷெரிப்பையும் கிளப்பிவிட்டாள். நம் ஊரில் எந்தச் சமையலறையில்தான் போலீஸ் ரேடியோ கேட்கிற பெட்டி இல்லை? ஆர்டிஸ் ட்வைட் போலீஸ்காரனைச் சுட்டுவிட்டாள் என்று கவுண்டி முழுக்கப் பேச்சு. அவள் சுட்டிருப்பாள் என்று எல்லோரும் நம்பினார்களாம், அதுதான் எனக்கு வருத்தம்.

"சனியன் இறங்க மாட்டேங்குது" என்றான் ட்ராய், கையில் ரத்தத்தோடு.

"நான் சொன்னாத்தான்டா கேப்பான். என்னைத் தூக்கிட்டுப் போ."

மறுபடியும் தூக்கினான். நான் பிஷப்பை ஒரு அதட்டு அதட்டினேன். அது பின்சீட்டுக்குத் தாவியது. ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வர நேரமாகும், பாதி வழியில் சந்திக்கலாம் என்று ரேடியோவில் பேசி முடித்து, என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். எனக்குக் கண் சொருகியது.

"தூங்காதீங்க. பஸ்ல யாரு யாரு எங்கெங்க ஏறுவாங்க, வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன் லைல். பண்ணை பண்ணையாகச் சொன்னேன். பாலத்துக்குப் பக்கத்தில் லுண்டீன் வீட்டு இரட்டையர்கள், மேட்டின் மேல் சத்தமே போடாத அந்தப் பெண் இன்கா, செத்துப்போன பிள்ளைகளையும் சேர்த்துத்தான். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். தண்ணித்தொட்டித் திருப்பத்துக்கு வந்தபோது, "இங்க ட்ராய். அவங்கம்மா இன்னைக்கு அழுதுக்கிட்டே ஏத்திவிட்டா, அவனை முன்னாடி உக்கார வைக்கணும்" என்றேனாம். எனக்கு அது நினைவில்லை. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

இன்னும் ஒரு ராத்திரி அந்தக் காற்றில் படுத்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது அவர்கள் கருத்து. என் புகார் வேறு. நான் திரும்பி வந்ததிலிருந்து அந்த மூன்று பேரும் மாறி மாறி வருகிறார்கள். ஒருவன் உள்கூரையில் புகைக்கும் விஷக்காற்றுக்கும் எச்சரிக்கை மணி மாட்டினான், ரொட்டி கருகினாலே அது அலறுகிறது. ஒருத்தி படிக்கட்டுக்குக் கைப்பிடி அடித்தாள். ட்ராய் நான் இல்லாத நாட்களில் பிஷப்புக்குத் தீனி வைத்து இன்னும் இரண்டு இடத்தில் கொத்து வாங்கியிருக்கிறான். இப்படி ஒருத்தியை ஆள் மாற்றி ஆள் வந்து கவனித்தால் அவள் நிம்மதியாகத் தனியாக இருப்பது எப்படி? ஆகவே நீ உடனே ஷெரிப்புக்குப் போன் செய்து, இனி யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம், யாரும் யாரையும் வேவு பார்க்கிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு.

இப்போது விசாரிக்கிறேன்: உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனி கொட்டுவதற்குள் கூரையைச் சரிபார். உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா,
ஆர்டிஸ்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் ஷெரிப்பே வந்தார். தனியாக இருக்கிறவர்களுக்குத் தினமும் காலையில் போன் செய்து, எடுக்காதவர்கள் வீட்டுக்கு ரோந்து வண்டியை அனுப்ப ஒரு ஆள் வேண்டுமாம், அதட்டத் தெரிந்த ஆளாக. ஒப்புக்கொண்டுவிட்டேன். நீ யாருக்கும் போன் செய்ய வேண்டாம். நீ எங்கள் கவுண்டி இல்லைதான், ஆனால் நீயும் தனியாகத்தானே இருக்கிறாய், அதனால் முதல் போன் உனக்குத்தான், காலை ஆறு மணிக்கு. எடுக்காவிட்டால் உங்கள் ஊர்ப் போலீஸ் கதவைத் தட்டும். சட்டை போட்டுக்கொண்டு தூங்கு.